குடத்திலிட்ட ஓலையும் பட்டியலில் ஏறிய பெயரும்

தொண்டைநாட்டில் ஏரியாற் பெயர்பெற்ற ஊர்கள் பல. அவற்றுள் நம் தென்னேரியும் ஒன்று. திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவிற்றென்றும், அத்திரையன் பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையனே என்றும் பெரியோர் கூறுவர். அஃது எவ்வாறாயினும் ஆகுக. ஏரி நிறைந்த ஆண்டில் களம் நிறைதலும், ஏரி வறண்ட ஆண்டில் குடிகள் ஊர்விட்டுப் பெயர்தலும் நம்மவர் அனுபவத்தில் அறிந்தவை. மதகை யார் திறப்பது, வரத்துக்கால்களை யார் தூர்வாருவது, கரை உடைந்தால் ஆளும் பொருளும் யார் திரட்டுவது என்னும் வினாக்களே நம் முன்னோர்க்கு அரசியலாக இருந்தன. பட்டணத்து அரசியல் அவர்களுக்கு நெடுந்தொலைவு.

ஏரியையும் ஊரையும் பார்க்கவேண்டியவர்களை ஊரார் எம்முறையில் தெரிந்தெடுத்தனர் என்பதற்கு, தமிழகம் முழுவதிலும் மிகத் தெளிவான சான்று நமக்கு அண்மையிலேயே உளது. பாலாற்றுக்கு வடபால் தென்னேரி, தென்பால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. அவன் ஆட்சியின் 12ஆம் ஆண்டாகிய கி.பி. 919இல் ஒன்றும், 14ஆம் ஆண்டாகிய கி.பி. 921இல் மற்றொன்றும் வெட்டப்பட்டன. 1898ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பெற்று, கல்வெட்டறிஞர் வி. வெங்கையா அவர்கள் ஆராய்ந்து வெளியிட்டபின் இவை உலகறிந்தவை ஆயின. மேடைதோறும் இவற்றின் பெருமை பேசப்படுகின்றது. ஆனால் கல்லில் உள்ளதைப் பொருளுணர்ந்து கேட்டவர் சிலரே. உள்ளூராட்சித் தேர்தல் வருந்தோறும் நம் சங்கத்தை நாடி, “பட்டியலில் எம் பெயர் இல்லையே” என்று முறையிடுவோர் பலராதலின், அக்கல்வெட்டின் செய்தியை அந்த முறையீட்டோடு சேர்த்தே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

உத்திரமேரூர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இக்காலத்து வார்டு எனக் கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலை நறுக்குகளில் எழுதுவர். அக்குடும்பின் ஓலைகளையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, இன்ன குடும்பு என்பது விளங்க மேலே ஒரு வாயோலை பூட்டுவர். முப்பது கட்டுகளும் ஒரு குடத்திற் புகும். பின்னர் மகாசபை கூடும். இளையோரும் முதியோரும் உட்பட அனைவரும் வரவேண்டும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் தவறாது உள்மண்டபத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். அவருள் மூத்தார் ஒருவர் எழுந்து, மேல்நோக்கி நின்று, எல்லாரும் காணக் குடத்தை உயர்த்துவார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதனின்றும் ஓர் ஓலையை அச்சிறுவனே எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையில் அவ்வோலையை ஏற்கவேண்டும். அவன் வாசித்த பின்னர் மண்டபத்திலிருந்த நம்பிமார் அனைவரும் அதை வாசிக்கவேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும்.

ஐந்து விரலும் அகல விரித்தல் என்னும் இச்சிறு விதியை நாம் பலகாலும் எண்ணிப் பார்த்ததுண்டு. விரலிடுக்கில் மற்றோர் ஓலையை மறைத்து வைத்துக்கொண்டு மாற்றிவிடும் சூது அக்காலத்தாருக்கும் தெரிந்திருந்தது என்றல்லவா இதனாற் பெறப்படுகின்றது? முன்னோர் யாவரும் மாசற்றவர் என்று பேசுவோர் இவ்வொரு வரியை நோக்குவாராக. அவர்கள் நம்மைப் போன்ற மனிதரே. மனிதர் இயல்பை அறிந்திருந்தமையாலேதான் விதியை இத்துணை நுட்பமாக எழுதினர்.

இங்ஙனம் குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் தெரிந்தெடுக்கப்படுவர். அவருள் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவராய்க் கல்வியாலும் வயதாலும் மூத்தவர் பன்னிருவர் சம்வத்சர வாரியம் ஆவர். பன்னிருவர் தோட்ட வாரியம். எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியத்திற்கும் பொன் வாரியத்திற்கும் பின்னர் வேறாகக் குடவோலை இட்டு அறுவர் அறுவராகக் கொள்வர். காலம் 360 நாள். இடையிற் குற்றம் கண்டவிடத்து அவரை அப்பொழுதே நீக்கும் விதியும் இருந்தது. உத்திரமேரூருக்கு நீர் கொடுத்த வயிரமேகத் தடாகம் இவ்வேரி வாரியத்தாரின் பொறுப்பில் இருந்ததாகும்.

இம்முறை, அதிகம்பேர் விரும்பியவரைத் தெரிந்தெடுக்கும் இக்காலத்து வாக்குமுறை ஆகாது. இது திருவுளச்சீட்டு. கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தாரும் ஐந்நூற்றுவர் சபைக்குச் சீட்டுக் குலுக்கியே ஆள் எடுத்தனர். குடவோலையே உலகின் முதல் வாக்குரிமை என்று முழங்குவது கேட்க இனிதாயினும் மெய்யோடு பொருந்தாது. சீட்டில் எப்பெயர் வரும் என்பது சிறுவன் கைக்கு விடப்பட்டது. குடத்தினுள் எப்பெயர் புகும் என்பதோ எவர் கைக்கும் விடப்படவில்லை. அதற்குத்தான் விதிகள் அத்தனையும்.

அவ்விதிகளைக் கேளுங்கள். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாதல் வேண்டும். தன் மனையில் வீடெடுத்து இருப்பவனாதல் வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குக் கீழுமாதல் வேண்டும். ஈராண்டு முன்னர் எழுதிய விதியில் இது 30 முதல் 60 என்றிருந்தது. மந்திர பிராமணம் வல்லவனாதல் வேண்டும். ஒரு வேதமும் பாடியமும் கற்றவனுக்கு அரைக்கால் நிலமே போதும். ஒழுக்கமும் காரியத் திறமும் உடையவனாய், முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்யாதவனாய் இருத்தல் வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாது விட்டவன் பெயர் குடத்திற் புகாது. அவன் பெயர் மட்டுமா? அவன் சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், உடன்பிறந்தாள் மக்கள், மருமகன், தந்தை, மகன் என்று நீண்ட உறவுப் பட்டியலே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. பிறர் பொருளைக் கவர்ந்தவனும் கொடும்பாவம் செய்தவனும் விலக்கப்பட்டனர்.

கணக்குக் காட்டாதவனை அவன் சுற்றத்தோடு விலக்கிய விதியைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சு மகிழ்கின்றது. ஆயினும் முதல் மூன்று விதிகளையும் மந்திர பிராமணத்தையும் சேர்த்து நோக்குக. உத்திரமேரூர் அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம். நிலமுடைய அந்தணர்களின் சபையே மேற்சொன்ன மகாசபை. அந்த ஊரில் உழுதோர், நீர்பாய்ச்சினோர், மண் சுமந்து கரை உயர்த்தினோர், நெய்தோர், வனைந்தோர் ஆகிய எவர் பெயரும் ஓலையில் எழுதப்படவில்லை. பெண்டிர் பெயரும் எழுதப்படவில்லை. மண்வெட்டி பிடித்தே வாழ்ந்த நம் குலத்தார் ஒருவர் பெயரேனும் அக்குடத்தில் வீழ்ந்திராது. வேளாண் ஊர்களில் ஊரவை என்றொன்று இருந்தது. அங்கும் நிலமுடையோர் பேச்சே பேச்சு. பழம்பெருமை பேசுங்கால் இதனையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஓலை போயிற்று. நிலமும் வரியும் போகவில்லை. 1882இல் ரிப்பன் பிரபு தலத்தாபன சுயாட்சித் தீர்மானம் வெளியிட்டார். 1884இல் சென்னை மாகாணத்திற்குத் தலத்தாபனச் சட்டம் வந்தது. 1920இல் மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபொழுது, நான்கு கோடிக்கு மேற்பட்ட குடிகளுள் வாக்குடையோர் சற்றேறக்குறையப் பன்னிரண்டரை இலட்சமே. வரி கட்டினோர் பெயர் ஏறிற்று. மற்றையோர் வாயிலில் நின்றனர். பெண்டிருக்கு 1921இல் இம்மாகாணத்தில் உரிமை கிட்டிற்று; அதுவும் சொத்துடைய பெண்டிருக்கே.

இக்கதவு முழுதும் திறந்தது 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோதுதான். சமயம், இனம், சாதி, பால் காரணமாக எவரையும் பட்டியலினின்றும் நீக்கலாகாது என்று அதன் 325ஆம் உறுப்பும், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்று 326ஆம் உறுப்பும் கூறின. அப்பொழுது வயது 21. 1989 முதல் 18.

கதவு திறந்தும் உள்ளே புகாதார் இருந்தனர். அவர் கதை நம் இல்லங்களுக்கு மிக அண்மையது. 1951-52ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதச் சென்றோர்க்கு, வடநாட்டு மாகாணங்கள் சிலவற்றிற் பெண்டிர் பலர் தம் பெயர் கூற மறுத்தனர். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவர்கள், பெயரில்லாப் பதிவு பதிவாகாது என்று உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்டிர் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டனர். உரிமையைச் சட்டம் கொடுத்தது. பெயரைச் சொல்லாமையால் அது கைக்கு வரவில்லை. நம் பக்கத்தில் இத்துணை நேரவில்லையாயினும், மணமாகி வந்த மருமகளின் பெயர் தாய்வீட்டுப் பட்டியலிலேயே பல ஆண்டு கிடப்பதும், இங்கே அவள் வாக்கின்றி இருப்பதும் நம் தெருக்களில் நாம் காணாதவையா?

உள்ளூராட்சிக்கு வருவோம். நம் மாநிலத்தில் 1970க்குப் பின் 1986 வரையும், பின்னர் 1996 வரையும் ஊராட்சித் தேர்தல் இன்றியே காலம் கழிந்தது. குடவோலை பிறந்த நாட்டில் இஃது எத்துணை வெட்கம்! 1992இன் 73ஆம் திருத்தமும், அதனையொட்டிய 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமுமே ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் என்னும் நியதியை ஏற்படுத்தின. நியதி ஏற்பட்ட பின்னும் தடை நீங்கவில்லை. 2016இல் நடக்கவேண்டிய தேர்தல் வழக்கினால் தள்ளிப்போய், 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 திசம்பரில் நடந்தது. மாவட்டப் பிரிவினையில் அகப்பட்ட நம் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் வாக்களித்தன. அவ்வுறுப்பினரின் ஐந்தாண்டுக் கணக்கு 2026 அக்டோபரில் நிறைவது.

தனித்தொகுதி, பெண்டிர் தொகுதி என்னும் ஒதுக்கீடும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. மூன்றிலொரு பங்காக இருந்த பெண்டிர் ஒதுக்கீடு 2016இற் பாதியாக உயர்த்தப்பட்டது. இதைப் பொறாதார் செய்த கொடுமைகளை மறைத்தல் கூடாது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு 1996 முதற் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடத்தவொட்டாது சாதிக் கட்டுப்பாடு தடுத்தது. 2006இலேயே அது நீங்கிற்று. மேலவளவில் 1997 சூன் 30ஆம் நாள் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்றும் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். சாதிச் சங்கமொன்றின் இதழில் இதனை எழுதுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். சாதிச் சங்கத்தின் இதழாதலாலேயே எழுதுகின்றோம். நம்மைக் குடத்தினின்றும் விலக்கிய பழைய விதியைக் குறைகூறிவிட்டு, நமக்குக் கீழே வைக்கப்பட்டவர் பெயரை நாம் விலக்க முனைந்தால், நம் குறைகூறலுக்கு யார் செவிகொடுப்பர்?

மற்றொரு நோயும் பரவுகின்றது. சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விடுகின்றனர். அதிகம் கேட்டவர் கோயிலுக்கென்று பணம் கட்டுவார். மற்றவர் வேட்புமனுவைத் திரும்பப் பெறுவர். ஊர் ஒற்றுமை காக்கப்பட்டதாகச் சொல்வர். மாநிலத் தேர்தல் ஆணையம் இதனைக் குற்றமென்று பலமுறை எச்சரித்துள்ளது. அதனினும் நுண்ணியது, சாதிக்கூட்டம் கூட்டி ‘இவரே நம்மவர், இவர்க்கே அனைவரும்’ என்று கட்டளையிடுதல். நம் சங்கத்தின் பெயரால் எவரேனும் அங்ஙனம் சொல்லின், அது சங்கத்தின் சொல்லன்று என்பதை இவ்விதழ் வாயிலாக அறிவிக்கின்றோம். பணம் கட்டிப் பதவி ஏறியவர் அப்பணத்தை எங்கிருந்து மீட்பார் என்பதை ஏரியின் வண்டலையும் கரைமரங்களையும் கேட்டால் அவையே விடை சொல்லும்.

இனிச் செய்யவேண்டுவதைச் சொல்வோம். இக்காலத்துக் குடும்போலை வாக்காளர் பட்டியலே. ஊராட்சித் தேர்தலுக்கெனத் தனியாகப் பெயர் பதியும் முறை இல்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைக் கொண்டே மாநிலத் தேர்தல் ஆணையம் ஊராட்சி வார்டுப் பட்டியலை ஆயத்தம் செய்கின்றது. ஆகவே அங்கே பெயர் இல்லாதார்க்கு இங்கும் இல்லை. தேர்தல் நாள் குறித்த பின்னர் விழித்தெழுவது, குடம் உயர்த்திய பின்னர் ஓலை எழுதத் தொடங்குவதை ஒக்கும்.

புதிதாகப் பெயர் சேர்க்க 6ஆம் படிவம். வயதுக்கும் இருப்பிடத்திற்கும் சான்றும் நிழற்படமும் இணைத்து, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ, தாலுகா அலுவலகத்திலோ, கணினி வழியாகவோ கொடுக்கலாம். முன்பு சனவரி 1ஆம் நாள் ஒன்றையே வயதுக் கணக்குக்குக் கொண்டனர். 2022இற் செய்த மாற்றத்தால் சனவரி, ஏப்பிரல், சூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்கள் நான்கும் கொள்ளப்படுகின்றன. பதினேழு நிறைந்தோர் முன்கூட்டியே படிவம் கொடுத்துவைக்கலாம். இறந்தோர் பெயரை நீக்க 7ஆம் படிவம். பெயர்ப்பிழை திருத்தவும், ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பதிவை மாற்றவும் 8ஆம் படிவம். மேலே சொன்ன மருமகளுக்கு வேண்டுவது இதுவே. ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்று அங்கேயே குடியிருக்கும் நம் இளைஞர் இருவிடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளுதல் குற்றம். இரண்டிலும் இல்லாது போதலோ இழப்பு. எங்கே குடியிருக்கின்றனரோ அங்கே ஒன்று போதும்.

2025 நவம்பரில் நம் மாநிலத்திற் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடுதோறும் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்து வாங்கினர். ‘சென்ற தேர்தலில் வாக்களித்தோம், நம் பெயர் எங்கே போகும்’ என்று இருந்துவிடாமல், ஒவ்வொரு வீட்டாரும் தம் பெயர்களைப் பட்டியலிற் கண்ணாற் கண்டு உறுதிசெய்தல் நலம். ஊராட்சிப் பட்டியல் வெளியாகும்போது வார்டையும் நோக்கவேண்டும். தெரு ஒன்றாயிருக்க, தந்தை ஒரு வார்டிலும் மகன் மற்றொரு வார்டிலும் எழுதப்படுதல் உண்டு. போட்டியிட விரும்புவோர்க்கு 21 வயது நிறைந்திருப்பதோடு, அவ்வூராட்சிப் பட்டியலிற் பெயரும் இருத்தல் வேண்டும்.

வாக்களிக்கும் நாளில் ஊரகத்தார்க்கு வாக்கு நான்கு. 2021இற் கொடுத்த சீட்டுகளில் ஊராட்சி வார்டு உறுப்பினர்க்கு வெள்ளை, தலைவர்க்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். முதலிரண்டிற்குக் கட்சிச் சின்னம் இல்லை, பின்னிரண்டிற்கு உண்டு. நான்கையும் வாங்கி ஒன்றில் மட்டும் முத்திரையிட்டு மற்றவற்றை வெறுமனே பெட்டியிலிடும் முதியோர் பலர். ஒரு சீட்டில் இருவர்க்கு முத்திரையிட்டாலும், முத்திரைக்குப் பதிலாகக் கைவிரல் பதித்தாலும் அது செல்லாது. மை மற்றொரு சின்னத்தில் ஒட்டாதவாறு சீட்டை மடிக்கவேண்டும். இவற்றை வீட்டு முதியோர்க்குத் தேர்தலுக்கு முன்னரே இளையோர் சொல்லிக் கொடுப்பாராக.

இன்னும் ஒன்று. ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலிற் பெயருள்ளோர் அனைவரும் சேர்ந்ததே கிராமசபை என்று அரசியலமைப்பின் 243ஆம் உறுப்பு கூறுகின்றது. ஆகவே அப்பெயர் ஐந்தாண்டுக்கொருநாட் பயன்பட்டு ஓய்வதன்று. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிற் கிராமசபை கூடும்பொழுது, ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்படும். ஏரிக்கென எழுதிய செலவு எவ்வளவு, எந்த மதகிற்கு, எந்தக் கரைக்கு என்று எழுந்து கேட்க, பட்டியலிற் பெயருடைய ஒவ்வோர் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிமை உண்டு. 921ஆம் ஆண்டில் உத்திரமேரூர் மண்டபத்தில் அக்கேள்வியை நிலமுடைய சிலரே கேட்டனர்.